காப்புக்கு ஒரு சொல்: உயர் மின்னழுத்த மாற்றிகளும் தமிழ்க் கலைச்சொல்லும்



இன்றைய சொற்பொழிவின் தலைப்பைப் பார்த்தவர்கள், மொழியியல் படித்தவனுக்கு மின்னழுத்தத்தோடு என்ன உறவு என்று எண்ணியிருக்கக்கூடும். உறவு உண்டு. மின்பொறியியலில் காப்பு என்பது இரண்டு இடங்களில் உறைகிறது. ஒன்று, கருவிக்குள் அமைந்த காப்பு. அதைப் பொறியாளர்கள் அமைக்கிறார்கள். மற்றொன்று, அந்தக் கருவியைப் பற்றி ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லும் சொல்லில் அமைந்த காப்பு. அது மொழியைச் சார்ந்தது. முதலாவது எவ்வளவு திறமாக அமைந்தாலும் இரண்டாவது பழுதானால் உயிருக்கு இடர் நேரும். நம் நாட்டிலும் அண்டை நாட்டிலும் கட்டுமானத் தளங்களிலும் மின்பணிகளிலும் தமிழையே முதன்மொழியாகக் கொண்ட தொழிலாளர் பலர் உழைக்கிறார்கள். அவர்களுக்கு எச்சரிக்கை சொல்லப்படும் மொழிகளுள் தமிழும் ஒன்று. ஆகவே இப்பொருள் தமிழாசிரியர்க்கும் உரியது.

1. கருவியைப் பற்றிச் சில சொற்கள்

வீட்டுக்கு வரும் மின்சாரம் முன்னும் பின்னுமாக ஊசலாடும் வகையினது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதனை மாறுதிசை மின்னோட்டம் என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் ஆடலோட்டம் என்கின்றன. மலாய்மொழியில் ‘அருஸ் உலாங் அலிக்’, அதாவது போய்வரும் ஓட்டம். ஒரே திசையில் செல்வது நேர்திசை மின்னோட்டம் அல்லது நேரோட்டம். மிக நீண்ட தொலைவுக்கும் கடலடி வடங்களின் வழியாகவும் பேரளவு மின்னாற்றலைக் கொண்டு செல்ல நேரோட்டமே சிக்கனமானது. தம்முள் ஒத்திசையாத இரு நாடுகளின் மின்கட்டமைப்புகளை இணைக்கவும் அதுவே ஏற்றது. ஆகவே ஒரு முனையில் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் ஆடலோட்டமாக்க வேண்டும். இதனைச் செய்யும் பெருங்கருவியே இன்று நாம் பேசும் மாற்றி.

வணிக நோக்கில் இயங்கிய முதல் இணைப்பு 1954இல் சுவீடன் நாட்டின் பெருநிலத்துக்கும் காட்லாண்டு தீவுக்கும் இடையே அமைந்தது. அதன் திறன் 20 மெகாவாட். அழுத்தம் 100 கிலோவோல்ட். பாதரச ஆவியைக் கொண்ட வால்வுகள் அதில் இயங்கின. ஊனோ லாம் என்னும் பொறியாளரின் பல்லாண்டு உழைப்பின் பயன் அது. 1970இல் அதே இணைப்பில் தைரிஸ்டர் என்னும் குறைகடத்திக் கருவி சேர்க்கப்பட்டது. நமக்கு அண்மையில் கெடா மாநிலத்துக் குரூணுக்கும் தென் தாய்லாந்தின் குளோங் ஙேவுக்கும் இடையே 300 கிலோவோல்ட் அழுத்தத்தில், 300 மெகாவாட் திறனுடன், ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளத்தில் இத்தகைய இணைப்பு உள்ளது. தமிழ்நாட்டின் புகளூரை நடு இந்தியாவின் ராய்கரோடு இணைக்கும் தடமோ 800 கிலோவோல்ட் அழுத்தமும் 6,000 மெகாவாட் திறனும் உடையது. 1,700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. ஆகவே இக்கருவியைப் பற்றிப் பேசும் தேவை தமிழுக்கு வந்துவிட்டது. பேசுவதற்குரிய சொற்கள் ஒழுங்காக உள்ளனவா என்பதே நம் வினா.

2. ‘மாற்றி மாற்றி’ என்னும் இடர்ப்பாடு

1916இல் சேலத்தில் தமிழ் அறிவியற் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. அக்காலம் முதல் கலைச்சொல்லாக்கத்தில் நமக்குக் குறை இல்லை. குறை இருப்பது சொற்களுக்கு இடையே உள்ள உறவில். ‘ட்ரான்ஸ்ஃபார்மர்’ என்பது தமிழ்நாட்டில் மின்மாற்றி; இலங்கையில் நிலைமாற்றி. ‘கன்வெர்ட்டர்’ என்பதும் மாற்றி. ‘இன்வெர்ட்டர்’ என்பதற்கும் மாற்றி என்றே பலர் எழுதுகிறார்கள். தனித்தனியே பார்த்தால் எச்சொல்லும் பிழையன்று. ஆயின் இம்மூன்றும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. மாற்றி நிலையத்தில் மாற்றிக்கென்றே அமைந்த தனி மின்மாற்றி ஒன்று உண்டு. அதன் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘மாற்றி மாற்றி’ என்று வரும். தமிழில் மாற்றி மாற்றி என்பது அடுக்குத்தொடர். ஒன்று விட்டு ஒன்றாக என்று பொருள்படும். ‘மாற்றி மாற்றி அணைக்கவும்’ என்று ஒரு பணிக்குறிப்பில் எழுதினால் தொழிலாளி எதனைச் செய்வார்?

செருமானிய மொழி இவ்விடத்தில் நமக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. அங்கு இக்கருவிகளின் பொதுப்பெயர் ‘ஸ்ட்ரோம்ரிக்டர்’, அதாவது ஓட்டத்தைச் செலுத்துவது. அதன் வகைகள் ‘கிளைக்ரிக்டர்’, ‘வெக்சல்ரிக்டர்’. குடும்பப் பெயர் ஒன்று. முன்னொட்டு மட்டும் வேறுபடுகிறது. மின்மாற்றிக்கோ முற்றிலும் வேறான பெயர் உண்டு. கேட்ட அளவில் எது எக்குடும்பம் என்பது விளங்கிவிடும்.

தமிழிலும் அவ்வாறு செய்யலாம். பொதுப்பெயரை ஓட்டமாற்றி எனலாம். ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குவது நேரோட்டமாக்கி. நேரோட்டத்தை ஆடலோட்டமாக்குவது ஆடலோட்டமாக்கி. மின்மாற்றி என்பது ஏற்கெனவே வழக்கூன்றிய பொருளிலேயே நிற்கட்டும். இச்சொற்கள் நீளமானவை என்று சிலர் சொல்லக்கூடும். ‘மாறாக்கி’ என்று சுருக்கலாமே எனக் கேட்கவும் கூடும். மாறு என்பதோடு ஆக்கி சேர்ந்தது மாறாக்கி. ஆனால் படிப்பவர் கண்ணுக்கு ‘மாறா’ என்னும் எதிர்மறைப் பெயரெச்சமே முதலில் தோன்றும். மாறும் ஓட்டத்தை உண்டாக்கும் கருவி, மாறாத ஒன்றாகப் புலப்படும். ஆபத்துள்ள இடத்தில் அழகிய சுருக்கத்தைவிடத் தெளிவான நீளமே மேல்.

வால்வு, தைரிஸ்டர் ஆகியவற்றை அப்படியே ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை. வால்வு என்பதை ஓரதர் எனலாம். அதர் என்றால் வழி. ஒருவழிப் பாதை என்னும் பொருள் அதில் நன்கு அமைகிறது. வகுப்பறையில் அதைச் சொல்லி மகிழலாம். பணித்தளத்தில் தொழிலாளி வாயில் எச்சொல் வழங்குகிறதோ அச்சொல்லையே எச்சரிக்கைப் பலகையும் சொல்ல வேண்டும்.

3. காப்பும் பாதுகாப்பும்

காப்பு என்பது பழஞ்சொல். நூலின் முதலில் காப்புச் செய்யுள் அமைகிறது. பிள்ளைத்தமிழின் முதற்பருவம் காப்புப் பருவம். விழாவில் கையில் கட்டுவதும் காப்பு. குழந்தையின் கையில் அணிவதும் காப்பு. பாதுகாப்பு என்பதை நாம் இன்று மிக விரிந்த பொருளில் ஆளுகிறோம். நாட்டின் பாதுகாப்பு, சாலைப் பாதுகாப்பு, பொருளின் பாதுகாப்பு, இயந்திரத்தின் பாதுகாப்பு எல்லாமே ஒரே சொல். இந்த விரிவில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

வீட்டிலுள்ள ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நாம் பயன்படுத்தும் மூன்றுமுனைச் செருகியில் 13 ஆம்பியர் உருகி இருக்கிறது. அது வடத்தைக் காக்கிறது. வடம் சூடேறித் தீப்பற்றாமல் தடுக்கிறது. மனித உடலின் வழியாகச் செல்லும் 30 மில்லியாம்பியர் ஓட்டமே உயிருக்கு இடர் விளைக்கக்கூடும். 13 ஆம்பியர் என்பது அதைப்போல் 400 மடங்குக்கும் மேற்பட்டது. ஆகவே ஒருவர் மின்சாரம் தாக்கி வீழ்ந்து கிடக்கும்போதும் அந்த உருகி உருகாமல் அமைதியாக இருக்கும். அது தன் கடமையில் தவறவில்லை. மனிதரைக் காப்பது அதன் கடமையாக வைக்கப்படவே இல்லை. அதற்கென்று கசிவு ஓட்டத்தை உணர்ந்து துண்டிக்கும் வேறொரு கருவி வீட்டுப் பெட்டியில் உண்டு.

இதே வேறுபாடு ஓட்டமாற்றியில் பேரளவில் அமைந்துள்ளது. மிகையோட்டத்தை உணர்தல், உள்ளே சென்ற ஓட்டமும் வெளிவந்த ஓட்டமும் சமமா என ஒப்பிடுதல், வெப்பம் மிகாமல் கண்காணித்தல் ஆகியன கருவியைக் காப்பன. பூட்டிய கதவு, வேலி, நில இணைப்பு, திறவுகோல் ஒழுங்கு ஆகியன மனிதரைக் காப்பன. ‘இக்கருவியில் பாதுகாப்பு உள்ளது’ என்று ஒரு கையேடு சொன்னால், யாருக்கு என்னும் வினா எழ வேண்டும். ஆகவே என் பரிந்துரை இது: கருவிக்கு உரியதைக் காப்பு என்போம், மனிதர்க்கு உரியதைப் பாதுகாப்பு என்போம். கருவியின் உள்ளேயே அமைந்ததை உள்ளமை காப்பு என்போம். இரு சொற்களும் நம்மிடம் உள்ளன. பொருளைப் பகுத்துக் கொடுப்பதுதான் எஞ்சிய பணி.

4. தடுத்தலும் தாங்குதலும்

காப்பு என்றதும் நம் மனத்தில் தடை, வேலி, துண்டிப்பு ஆகியனவே தோன்றும். ஓட்டமாற்றியின் உள்ளமை காப்புகளுள் சில இதற்கு நேர்மாறானவை.

மின்னல் தாக்கும்போதோ, தொலைவில் ஓர் இணைப்பு திடீரெனத் திறக்கும்போதோ, அழுத்தம் ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் ஏறிவிடும். அதனை ஏற்பதற்கென்று துத்தநாக ஆக்சைடு வில்லைகளை அடுக்கிய கருவி ஒன்று வால்வுக்கு இணையாக நிற்கிறது. வழக்கமான அழுத்தத்தில் அது ஏறத்தாழக் காப்பிடப்பட்ட பொருள்போல் இருக்கும். அழுத்தம் எல்லை மீறும்போது தானே கடத்தியாகி, அந்த மிகையைத் தன் வழியே விட்டு, அழுத்தம் தணிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். இதனைச் சிலர் மின்னல் தடுப்பான் என்கிறார்கள். அது எதனையும் தடுப்பதில்லை. நம் மக்கள் கோபுரத்தின் மேலுள்ள கம்பிக்கு இட்ட பெயர் இடிதாங்கி. சாலையோரத்தில் வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்க நட்ட கல்லுக்குச் சுமைதாங்கி என்று பெயர். தாங்குதல் என்னும் வினையில் ஏற்றல், பொறுத்தல், நிலத்துக்கு இறக்கல் ஆகிய மூன்றும் அடங்கும். ஆகவே இக்கருவியை மீயழுத்தந்தாங்கி எனலாம். பேச்சுத்தமிழ் இங்கே அகராதித் தமிழைவிடப் பொறியியலுக்கு நெருக்கமாக நிற்கிறது.

தைரிஸ்டரின் தற்காப்பு இன்னும் வியப்பானது. ஒரு வால்வில் பல பத்துத் தைரிஸ்டர்கள் தொடராக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் சில ஆயிரம் வோல்ட்டைத் தாங்கும். ஏதேனும் ஒன்றின் மேல் முன்னோக்கிய அழுத்தம் எல்லை கடந்தால், அதன் அருகிலுள்ள சிறு சுற்று அத்தைரிஸ்டரை உடனே திறந்துவிடும். எதிர்த்து நின்றால் உடைந்துவிடும், வழிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். வெள்ளத்தில் மரம் வீழ்வதும் நாணல் நிமிர்வதும் நாம் அறிந்த உவமைதான்.

தடத்தில் பழுது நேர்ந்தால் நிகழ்வதும் கருதத்தக்கது. நேரோட்டத்துக்குத் தானாகச் சுழியத்தைத் தொடும் இயல்பு இல்லை. ஆகவே அதனைத் துண்டிப்பது கடினம். அனுப்பும் முனையிலுள்ள நேரோட்டமாக்கி, தன் வால்வுகளைத் தூண்டும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி, சிறிது பொழுது ஆடலோட்டமாக்கிபோல் நடந்துகொள்கிறது. தடத்தில் தேங்கிய ஆற்றலைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. ஓட்டம் அற்றுப்போகிறது. காற்றில் எழுந்த மின்வில் அணையச் சிறிது காத்திருந்து மீண்டும் முயல்கிறது. சில முறை முயன்றும் பழுது நீங்காவிடின் முற்றாக நின்றுவிடுகிறது. இவை அனைத்தும் ஒரு நொடியை ஒட்டிய காலத்துக்குள் நடந்து முடியும். காத்தல் என்னும் ஒரு சொல்லுக்குள் விடுதல், பின்வாங்கல், காத்திருத்தல், மீள முயலல், இறுதியில் நிறுத்தல் ஆகிய ஐந்து வினைகள் அடங்கியிருப்பதை மாணவர்கள் கருத வேண்டும்.

5. மிகை குற்றமா?

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் உள்ளன. பொறியாளர்கள் இவ்விரண்டையும் அறிந்தே செய்கிறார்கள்.

ஒரு வால்வுக்கு எத்தனை தைரிஸ்டர் தேவையோ அதற்கு மேலும் சில சேர்க்கப்படுகின்றன. ஒன்று பழுதானால் அது கடத்தியாகவே எஞ்சிவிடும், ஓட்டம் தடைப்படாது. மிகையாக வைத்தவை அழுத்தத்தைப் பகிர்ந்து சுமக்கும். அடுத்த பராமரிப்புக் காலம் வரை நிலையம் இயங்கும். எது பழுதாயிற்று என்பதைக் கண்காணிப்பு அமைப்பு குறித்து வைக்கும். அவ்வாறே காப்புக் கணினிகளும் இரண்டாகவோ மூன்றாகவோ அமைகின்றன. மூன்று இருப்பின் இரண்டு ஒத்துச் சொன்னால் மட்டுமே செயல் நிகழும்.

மொழியும் இவ்வாறே கட்டப்பட்டிருக்கிறது. 1948இல் கிளாட் ஷானன் தகவல் கோட்பாட்டை வகுத்தபோது ஆங்கில எழுத்துரையில் ஏறத்தாழப் பாதி மிகையென மதிப்பிட்டார். அந்த மிகை இருப்பதால்தான் இரைச்சலிலும் பேச்சு புரிகிறது. தமிழில் ‘அவள் வந்தாள்’ என்கிறோம். ‘வந்தாள்’ என்னும் வினைமுற்றே பெண்பால் ஒருமையைச் சொல்லிவிட்டது. எழுவாய் அதனை மீண்டும் சொல்கிறது. ஒன்று காதில் விழாவிடினும் மற்றொன்று காக்கும். இது தமிழின் உள்ளமை காப்பு.

இக்காப்பு இல்லாத இடமும் தமிழில் உண்டு. எண்ணுப்பெயர்கள் அத்தகையவை. இருநூறு, அறுநூறு ஆகியவற்றை இயந்திர இரைச்சலில் சொல்லிப் பாருங்கள். எண்பது, ஐம்பது ஆகியவற்றைத் தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள். முதலசை மங்கினால் வேறுபாடு மறைந்துவிடும். ஆகவே பணித்தளத்தில் எண்ணைச் சொல்லும்போது ‘அறுநூறு, ஆறு சுழியம் சுழியம்’ என்று இருமுறை, இருவகையில் சொல்லப் பழக்க வேண்டும். இலக்கணத்தில் குற்றமாக வைத்தது இங்கே அறமாகிறது. நன்னூலார் நூலின் குற்றத்தைச் சொன்னார். ஏவலின் குற்றத்தைச் சொல்லவில்லை.

6. ‘கரண்ட் இல்லை’

பேச்சுத்தமிழில் கரண்ட் என்னும் ஒரு சொல் மின்னோட்டம், மின்னழுத்தம், மின்னாற்றல், மின்வழங்கல் ஆகிய நான்கையும் சுமக்கிறது. வீட்டுப் புழக்கத்துக்கு அது போதும். விசையை அணைத்தால் ‘கரண்ட் இல்லை’ என்கிறோம். விளக்கு அணைந்தது கண்ணுக்குத் தெரிகிறது. ஆபத்தும் நீங்கியது என்று கொள்கிறோம்.

ஓட்டமாற்றியில் இந்த முடிவு உயிரைப் பறிக்கும். அங்கே பெரிய மின்தேக்கிகள் உள்ளன. இலங்கையில் இவற்றைக் கொள்ளளவி என்பர். தேக்கி என்னும் சொல் நீர்த்தேக்கத்தை நினைவூட்டுகிறது, உவமை பொருத்தமானது. வாய்க்காலை அடைத்தாலும் ஏரியில் நீர் நிற்கும். ஒரு கணக்கைப் பாருங்கள். 10 மில்லிஃபாரட் அளவுள்ள மின்தேக்கியை 2,000 வோல்ட்டுக்கு ஏற்றினால் அதில் 20,000 ஜூல் ஆற்றல் தேங்கும். 1,000 கிலோகிராம் எடையை 2 மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டிருப்பதற்கு அது ஏறத்தாழச் சமம். அது ஒலிப்பதில்லை, ஒளிர்வதில்லை, ஓடவும் இல்லை. ஓட்டமே இல்லை என்பதால் ‘கரண்ட் இல்லை’ என்று சொன்னால் சொல்லளவில் அது உண்மைதான். அழுத்தம் இருக்கிறது என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது.

இதற்குக் கருவிக்குள் ஒரு காப்பு உண்டு. மின்தேக்கிக்கு இணையாக ஒரு தடையை நிலையாக வைத்து, வழங்கல் நின்றபின் தேங்கியதை மெல்ல வடியச் செய்வார்கள். அதனை வடிதடை எனலாம். அது வடித்து முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். அந்தத் தடையே முறிந்திருந்தால் வடியவே வடியாது. ஆகவே காத்திருந்தபின் அளந்து பார்த்தும், நிலத்தோடு பிணைத்தும் அல்லாமல் கைவைக்கலாகாது.

நிறுத்தல், பிரித்தல், பூட்டல், காத்திருத்தல், அளந்தறிதல், நிலத்தோடு பிணைத்தல் ஆகிய ஆறும் ஆறு வேறு செயல்கள். பேச்சில் இவை அனைத்தும் ‘ஆஃப் பண்ணு’ என்பதற்குள் அடங்கிவிடுகின்றன. ஆறு செயலுக்கு ஒரே சொல் இருந்தால், ஒன்றைச் செய்தவர் ஆறையும் செய்துவிட்டதாகச் சொல்வார். பொய் சொல்லும் எண்ணமின்றியே சொல்வார். தமிழாசிரியர்கள் ஒருபொருட் பன்மொழி கற்பிக்கும்போது இந்த ஆறு வினைகளையும் எடுத்து, இவை ஒருபொருட் பன்மொழி ஆகா என்று காட்டினால் அதுவே ஓர் உயிர்காப்புப் பாடம்.

7. வினையெச்சத்தில் ஒரு விரிசல்

நிலையத்தின் வால்வுக் கூடத்துக்குள் இயக்க நேரத்தில் எவரும் செல்வதில்லை. கதவைத் திறக்கும் சாவி, நில இணைப்பு விசையிலேயே சிறைப்பட்டிருக்கும்படி அமைப்பது ஒரு முறை. முதலில் தடத்தைப் பிரிக்க வேண்டும். அப்போதுதான் நில இணைப்பு விசை அசையும். அதை மூடினால்தான் சாவி வெளிவரும். சாவி வந்தால்தான் கதவு திறக்கும். மறதியும் அவசரமும் இந்த வரிசையை மீற இயலாது. இதனைச் சாவிப்பிணைப்பு எனலாம்.

தமிழில் செயல்வரிசையைச் சொல்லச் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் அருமையான கருவி. ‘பிரித்து, பூட்டி, அளந்து, பிணைத்து, நுழைக’ என்றால் சொல்வரிசையே செயல்வரிசை. ஆனால் முற்றுவினை எதிர்மறையானால் ஒரு விரிசல் தோன்றுகிறது. ‘சாப்பிட்டுவிட்டுப் போகாதே’ என்னும் தொடரைக் கருதுங்கள். உண்ணாமலே போ என்பதும் பொருள். உண், ஆனால் போகாதே என்பதும் பொருள். எதிர்மறை எதுவரை நீள்கிறது என்பதை எழுத்து காட்டுவதில்லை. பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் ஓரளவு காட்டும். இனி ‘விசையை நிறுத்தி உள்ளே செல்லாதீர்’ என்று பலகையில் எழுதினால்? விசையை நிறுத்துவது ஏவப்பட்டதா, விலக்கப்பட்டதா? ‘விசையை நிறுத்துக. உள்ளே செல்லாதீர்.’ என்று இரண்டாகப் பிரித்தால் ஐயம் இல்லை. எச்சரிக்கை மொழியில் எதிர்மறை முற்றுக்கு முன் வினையெச்சம் வரலாகாது என்பதை ஒரு விதியாகவே கொள்ளலாம்.

8. இறுதிச்சொல் கிழிந்தால்

பொறியாளர்கள் கேட்கும் கேள்விகளுள் மிகச் சிறந்தது இது: காப்பே பழுதானால் என்ன ஆகும்? கதவருகே ‘பாதுகாப்பானது’ என்பதற்கு விளக்கு எரிவதாக அமைத்தால், விளக்கு கெட்டால் மக்கள் உள்ளே செல்லமாட்டார்கள். ‘ஆபத்து’ என்பதற்கு மட்டும் விளக்கு எரிவதாக அமைத்தால், விளக்கு கெட்டால் நம்பி உள்ளே செல்வார்கள். ஆகவே குறி இல்லாமை ஆபத்தையே குறிக்குமாறு அமைப்பதே நெறி.

இந்தச் சோதனையைத் தமிழ்த் தொடருக்கு வைப்போம். தமிழில் வினை இறுதியில் வரும். எதிர்மறை வினையோடு சேர்ந்து அதன் பின்னர் வரும். ‘இக்கதவைத் திறந்து உள்ளே செல்ல அனுமதி இல்லை’ என்னும் பலகையில் கடைசிச் சொல் மழையில் அழிந்ததாகக் கொள்ளுங்கள். எஞ்சுவது ‘இக்கதவைத் திறந்து உள்ளே செல்ல அனுமதி’. எச்சரிக்கை அழைப்பாகிவிட்டது. மெதுவாக எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்குப் பலகை கிழியவே வேண்டாம். பாதி படித்தாலே இந்நிலைதான். ‘செல்லற்க’ என்னும் செந்தமிழ் வியங்கோள் நமக்கு இனிது. அதனை அறியாதவர்க்கு அது ‘செல்’ என்றே தொடங்குகிறது.

ஆகவே எச்சரிக்கையில் முதற்சொல்லே காக்க வேண்டும். ‘அபாயம்’ என்றோ ‘நில்’ என்றோ தொடங்கும் பலகையில் எஞ்சிய அனைத்தும் அழிந்தாலும் காப்பு எஞ்சும். இந்நாட்டுப் பலகைகளில் மலாய்மொழி ‘பஹாயா’ முதலில் நிற்பதும் அவ்வாறே பயன் தருகிறது. தமிழின் இயல்பான தொடரமைப்பு மாறாமல், தனிச்சொல்லை முன்னே நிறுத்தி இதனைச் செய்ய முடியும்.

9. மௌனமும் சம்மதமும்

நிறைவாக ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம்மவர் சொல்வர். சற்றுமுன் சொன்ன விளக்கு நெறி இதனை ஏற்காது. பணித்தொடக்கக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் விளக்கிவிட்டு, ‘புரிந்ததா?’ என்கிறார். எவரும் பேசவில்லை. புரிந்தது என்று கொள்ளப்படுகிறது. மூத்தவரிடம் வினவுவதை மரியாதைக் குறைவாக எண்ணும் நம் பழக்கமும் அந்த மௌனத்துக்குத் துணைநிற்கிறது. நம் வகுப்பறைகளிலும் இதே காட்சிதான். அங்கே இழப்பு மதிப்பெண். இங்கே இழப்பு உயிர்.

கேட்டதைத் தன் சொல்லில் திரும்பச் சொல்லும் பழக்கமே இதற்கு மருந்து. ‘புரிந்ததா?’ என்பதற்கு மாறாக ‘முதலில் என்ன செய்வீர்கள்? அடுத்து?’ என்று கேட்கலாம். விடை வராவிட்டால் புரியவில்லை என்றே கொள்ளலாம். தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் கற்கும் பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் செல்கிறது. பின்னாளில் அப்பிள்ளைகளுள் சிலர் மின்பணியாளராகவும் மேற்பார்வையாளராகவும் நிற்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு தொழிலாளிக்கு ஆபத்தை எடுத்துச் சொல்லும் கடமை அவர்கள் மேல் விழும். அன்று அவர்களுக்கு உதவப்போவது, ஓட்டமும் அழுத்தமும் வேறு என்பதைத் தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்த திறமே.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு பயிற்சியை இம்மன்றத்தின் வழியாக முன்வைக்கிறேன். உங்கள் பள்ளியிலும் குடியிருப்பிலும் உள்ள தமிழ் எச்சரிக்கைப் பலகைகளைக் குறித்து வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வினா எழுப்புங்கள். இறுதிச்சொல்லை மறைத்தால் பொருள் என்னவாகிறது? எதிர்மறைக்கு முன் வினையெச்சம் உள்ளதா? அதிலுள்ள சொற்கள் படிக்கவேண்டியவரின் வாயில் வழங்குவனவா? பிழையுள்ளவற்றைத் திருத்தி எழுதி உரியவர்களிடம் பணிவோடு கொடுங்கள். மொழிப்பற்றை மேடையில் காட்டுவது எளிது. ஒரு மின்பெட்டியின் கதவில், நான்கு சொற்களில், பிழையின்றிக் காட்டுவதற்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைத் தரவல்லவர்கள் நீங்களே.

உங்கள் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளமாட்டேன். வினாக்களை எதிர்பார்க்கிறேன்.